இடது, வலது, சமம்

திற்பரப்பில், அருவிக்குப் போகும் ரோட்டில்
ரப்பர் ஷீட் எடுக்கும் கடைக்கு மேல்மாடி.
புகைபோட்ட பாலின் வாடை
கீபோர்டு வரைக்கும் ஏறி வரும்.
ராத்திரி பத்து முதல் நாலு வரை
தீர்ப்புச் சொல்வது எனக்குச் சோலி.

திரையில் ஒரு கேள்வி.
கேட்டது யாரென்று காட்டமாட்டார்கள்.
இடப்பக்கம் ஒரு தேடுபொறியின் விடை,
வலப்பக்கம் இன்னொன்றின் விடை.
பரீட்சைத்தாளில் நம்பரை மடித்து ஒட்டுவதுபோல்
கம்பெனிப் பெயரை மறைத்திருப்பார்கள்.
இடது நன்று. இடது சற்றே நன்று. சமம்.
வலது சற்றே நன்று. வலது நன்று.
இரண்டு நிமிஷம் நாற்பது விநாடிக்குள் சொல்ல வேண்டும்.
தீர்ப்புக்கு மூன்று ரூபாய் நாற்பது காசு.
இருபத்துநாலு தீர்ப்பு சொன்னால்
ஒரு கிலோ மட்டி வாங்கலாம்.

மட்டி என்றதும் ஓர்மை வருகிறது.
ஆவணியில் வந்த கேள்வி:
“ஆறு மாசப் பிள்ளைக்கு மட்டி குடுக்கலாமா?”
எங்கள் பக்கத்து யாரோதான்.
இடது சொன்னது: மட்டி ஒரு கடற்சிப்பி,
ஒவ்வாமை வரும், ஒரு வயது ஆகட்டும்.
வலது அகராதியைத் திறந்து
மட்டி என்றால் மூடன் என்றது.
அந்த வாரம்தான் புதிதாக இறக்கியிருந்தார்கள்
மூன்றாவது ஒரு பெட்டியை.
அதற்குச் சுட்டி கிடையாது, பக்கம் கிடையாது,
பத்தி பத்தியாகப் பேசும்.
ஓட்டை நன்றாகக் கழுவுங்கள் என்றது மரியாதையாக,
தோலை உரித்து வேகவைத்து ஊட்டுங்கள் என்றது.

நடுராத்திரியில் தனியாகச் சிரித்தேன்.
குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்:
மட்டி எங்க ஊரு வாழப்பழம். விரல் நீளம்.
நடு நரம்ப எடுத்துட்டு
பைய மசிச்சுக் குடுக்கணும்.
பத்து விநாடி கூடிப்போயிற்று.
அந்தத் தீர்ப்புக்குக் காசு இல்லை.

ஐப்பசியில் அதே கேள்வி திரும்ப வந்தது.
இடது: நடு நரம்பை எடுத்துவிட்டு, பைய மசித்து.
வலது: நடு நரம்பை எடுத்துவிட்டு, பைய மசித்து.
‘பைய’கூட மாறவில்லை.
எட்டாம் கிளாஸில் எனக்குப் பின்னால் இருந்த பிரிசில்லாள்
என் எழுத்துப்பிழையோடு பார்த்து எழுதி
என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்கினாள்.
அவளையாவது வாசலில் மறித்துக் கேட்க முடிந்தது.
லீடர் ஆஷ்லினுக்கு எழுதினேன்: இது என் வாக்கியம்.
“அக்கா, சமம்னு போட்டுட்டுப் போங்க.
அங்க பெரிய அடிபிடி.
மாசத்துக்கு ஒரு புதுசு எறக்குறானுவ.”

சமம் போட்டேன்.

தேடுபொறி என்று பெயர் வைத்தவர்
எலிப்பொறியும் பார்த்திருப்பார்.
யார் எலி, யார் கருவாட்டுத் தலை
என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று சாயங்காலத்திலிருந்தே மழை.
கரண்டு போய், இன்வெர்ட்டரில் ஓடியது திரை.
இரண்டேகாலுக்கு வந்தது:
“பேச்சிப்பாற டேம் தொறந்தாச்சா?”
இடது: அணையின் உயரம், கட்டிய கதை.
வலது: போன வருஷத்துச் செய்தி, படத்தோடு.
பெட்டி: திறக்கப்பட்டிருக்கக்கூடும்,
அதிகாரிகளின் அறிவிப்பைக் கவனியுங்கள்.

ஜன்னலைத் திறந்தேன்.
அருவியின் சத்தம் மாறியிருந்தது.
ஏற்றத்தில் பாரவண்டி முக்குவதுபோல்
அடிவயிற்றிலிருந்து வந்தது.
அக்கரையில் ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம்.
கேட்டது அவர்களோ?
கேள்வி மூன்று மாசம் பழையதாகவும் இருக்கலாம்.
குறிப்பில் ‘தொறந்தாச்சு’ என்று அடித்தேன்.
கேட்டவருக்கு அது போகாது.
பங்குனியில், பாறை காய்ந்து கிடக்கும்போது
வேறு யாராவது கேட்டால்
இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொல்லும்,
தொறந்தாச்சு.

அழித்தேன்.
டார்ச்சை எடுத்து அக்கரைக்குக் காட்டி
அணைத்து அணைத்துப் போட்டேன்.
கொஞ்ச நேரத்தில் அந்த வெளிச்சம் அணைந்தது.
புரிந்து கிளம்பினார்களோ,
சும்மா தூங்கப் போனார்களோ.
நேரம் முடிந்ததென்று திரை சொல்லிற்று.